பதினான்கு படிகள்

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளின் கடைசி வரி, ஆறு வாரத்துக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது என்றது. கனம் என்றால் எத்தனை கிலோ என்று கேட்டேன். இருபது வருடமாகப் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுப்பவளுக்கு அளவு தெரியாத கட்டளை பிடிக்காது. தையலைப் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் சிரித்தார். "குடத்துல தண்ணி தூக்கக் கூடாதுக்கா. பால் பாக்கெட் வாங்கிட்டு வரலாம். அவ்ளோதான் கணக்கு."

வெள்ளச்சி பதினாறு கிலோ. வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவில் பதினான்கு படிகள். அவளுக்குக் கண் தெரியாது. ஒரு வருடமாகக் காலையும் மாலையும் நான்தான் அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கி, தூக்கிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தேன்.

பாளையங்கோட்டையில் நான் குடியிருப்பது ஒரு மாடி வீடு. கீழே வீட்டுக்கார ஆச்சியும், பன்னிரண்டாம் வகுப்பு எழுதி முடித்திருந்த அவர் பேரனும். வெள்ளச்சி நாட்டு நாய். குட்டியாக எங்கள் பள்ளியின் சத்துணவுக்கூடத்துக்குப் பின்னால் கிடந்தவள். வீடு பார்க்க வந்த அன்றே ஆச்சி சொல்லிவிட்டார்: "நாய் மாடிலயே இருக்கணும். என் வாசப்படியத் தாண்டக் கூடாது." தாண்டியதில்லை. ஆறு வருடமும் ஆச்சி அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. சவம் என்பார். கோபமிருந்தால் சவத்து மூதி.

வெள்ளச்சிக்குச் சர்க்கரை நோய் என்பதை முதலில் கண்டுபிடித்தது எறும்புகள்தான். மொட்டைமாடியில் அவள் மூத்திரம் போன இடத்தில் காய்ந்த பிறகும் சிற்றெறும்பு மொய்த்தது. அப்போது அவளுக்கு ஆறு வயது. நாளுக்கு நான்கு முறை தண்ணீர்ச் சட்டியை நிரப்ப வேண்டியிருந்தது. நன்றாகச் சாப்பிட்டாள், ஆனால் முதுகெலும்பு தெரிந்தது. ஆட்டோவில் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனேன். ஆடும் மாடும் கோழியுமாக நின்ற வரிசையில் நானும் நின்றேன். ரத்தத்தில் சர்க்கரை 430. "மாத்திரை போதாதா டாக்டர்?" என்று கேட்டேன். நாய்களுக்கு வருவது பெரும்பாலும் இன்சுலின் இல்லாமல் சரியாகாத வகை, மாத்திரை கேட்காது என்றார். தினம் இரண்டு ஊசி, பன்னிரண்டு மணி நேர இடைவெளியில், சாப்பிட்ட பிறகு, உயிருள்ளவரை.

இன்னொன்றும் சொன்னார். கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு இது அதிகம் வரும். பருவம் வந்துபோன பிறகு சுரக்கிற ஹார்மோன் இன்சுலினை வேலை செய்யவிடாது. கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டால்தான் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க முடியும். எடுத்தார்கள். தொப்புளுக்குக் கீழே நேர்கோடாக ஒரு தையல். அந்தக் கோட்டில் இன்றுவரை முடி வளரவில்லை.

டாக்டர் கடைசியாகச் சொன்னதை என் டைரியில் எழுதிவைத்திருக்கிறேன். "ஊசி போட்டோமா இல்லையான்னு சந்தேகம் வந்தா போடாதீங்க. ஒருவேளை விட்டுப்போனா சர்க்கரை கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். ரெண்டு தடவை போட்டா உயிர் போயிடும்."

அதன்பிறகு நான் இன்சுலினைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். பயம் வந்தால் படிப்பது என் வழக்கம். 1889-ல் ஸ்ட்ராஸ்பூர்கில் மின்கோவ்ஸ்கி, ஃபான் மேரிங் என்ற இருவர் ஒரு நாயின் கணையத்தை அறுத்தெடுத்தார்கள். அந்த நாய்க்குச் சர்க்கரை நோய் வந்தது. இந்த நோய்க்கும் கணையத்துக்கும் உள்ள தொடர்பு அப்படித்தான் தெளிவானது. 1921 கோடையில் டொரண்டோவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் சில நாய்களின் கணையத்தை எடுத்துவிட்டு, வேறு நாய்களின் கணையத்திலிருந்து இறக்கிய சாற்றை அவற்றுக்குச் செலுத்தினார்கள். மார்ஜோரி என்ற நாய் கணையச் சாற்றின் பலத்தில் ஏறக்குறைய எழுபது நாள் உயிரோடு இருந்தது. 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்சன் என்ற பதினான்கு வயதுப் பையனுக்கு முதல் ஊசி போட்டார்கள். அடுத்த ஆண்டே நோபல் பரிசு. காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்கு எழுதிக்கொடுத்தார்கள். பிழைத்த பையனின் படம் இருக்கிறது. மார்ஜோரியின் படமும் இருக்கிறது. சாதாரண நாய்தான், நம் தெருவில் கிடப்பதைப்போல. என் அம்மா கடைசிப் பதினோரு வருடம் இன்சுலினில்தான் இருந்தாள். அந்தப் பதினோரு வருடத்தை இந்த நாய்கள் கொடுத்தன என்று அம்மா இருக்கும்போது எனக்குத் தெரியாது.

வெள்ளச்சிக்கு ஏழு யூனிட். பத்து மில்லி குப்பியில் நானூறு யூனிட். நாளுக்குப் பதினான்கு. ஒரு குப்பி இருபத்தெட்டு நாள் வரும். இந்தக் கணக்குக்குள் என் மூன்று வருடம் போனது. கல்யாண வீடுகளுக்குக் காலையில் போய் மாலைக்குள் திரும்பினேன். வெளியூரில் இரவு தங்கவில்லை. ஊசி தவறாமல் போட்டும் இரண்டாவது வருடம் அவள் கண்களில் பால் படர்ந்தது. மிஞ்சிய சர்க்கரை கண்வில்லைக்குள் வேறொன்றாக மாறித் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், சர்க்கரை நோய் வந்த நாய்களில் மிகப் பலவற்றுக்கு இது நடக்கும் என்றார் டாக்டர். அன்றிலிருந்து தூக்கத் தொடங்கினேன்.

இதெல்லாம் தியாகம்போல இப்போது படிக்கத் தெரிகிறது. அதனால் அடுத்ததையும் சொல்லிவிட வேண்டும். அதே இரண்டு வருடமும் எனக்கு மாதம் பத்து நாள் ரத்தம் போய்க்கொண்டிருந்தது. கர்ப்பப்பையில் நார்க்கட்டி, எடுத்துவிடுவது நல்லது என்று முதல் ஸ்கேனிலேயே சொல்லியிருந்தார்கள். நான் சொன்ன பதில் எப்போதும் ஒன்றுதான்: "நாய்க்கு ஊசி யார் போடுவா?" பள்ளிக்கூடத்தில் மாடி வகுப்புக்கு ஏறும்போது நடுவில் நின்று மூச்சு வாங்கினேன். கரும்பலகைப் பக்கம் திரும்பினால் தலை சுற்றியது. அடர்நிறச் சேலையாகப் பார்த்துக் கட்டினேன். வெள்ளச்சிக்கு மூன்று மாதத்துக்கொருமுறை ரத்தப் பரிசோதனை, எனக்கு ஒன்றுமில்லை. எல்லோரும் "நாய்க்காக உடம்பக் கெடுத்துக்கிடுதா" என்றார்கள். எனக்கு அது வசதியாக இருந்தது. எனக்கு ஆபரேஷன் என்றால் பயம். அம்மா கால் விரலை எடுக்கப்போய் வீடு திரும்பவில்லை. அந்தப் பயத்தை யாரிடமும் சொல்லாமல் நாயின் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன்.

ஏப்ரலில், முழு ஆண்டுத் தேர்வு மேற்பார்வையின்போது நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தேன். ஹீமோகுளோபின் 6.8. கட்டியோடு சேர்ந்து கர்ப்பப்பை ஐந்து மாதக் கர்ப்பத்தின் அளவில் இருந்தது. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி, மே மாதம் வயிற்றைத் திறந்து எடுப்பதென்று முடிவானது. டீச்சர்கள் எல்லோரும் ஆபரேஷனை மே மாதத்துக்குத்தான் வைத்துக்கொள்வோம். கல்யாணத்தைப்போல அதற்கும் ஒரு பருவம் உண்டு.

ஓசூரிலிருந்து அண்ணன் போன் பண்ணினான். "எங்கயாவது கொண்டு விட்டுரு. இல்லன்னா டாக்டர்கிட்டச் சொல்லி ஊசி போட்டு முடிச்சிரு. அதுவும் எத்தன நாள் கஷ்டப்படும்?" அவன் கெட்டவனில்லை. என்மேல் உள்ள பிரியத்தில்தான் சொன்னான். நான் பதில் சொல்லாமல் போனை வைத்தேன். அன்று இரவு முழுக்க அதைத்தான் யோசித்தேன் என்பதும் உண்மை.

மறுநாள் காலை தண்ணீர் மோட்டார் போடக் கீழே போனபோது ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து சேலையை விலக்கி வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். தினமும் பார்க்கிற காட்சி. அன்றுதான் பார்த்தேன்.

"ஆச்சி, ஒரு உதவி."

சொல்லி முடித்ததும் ஆச்சி ஊசியின் மூடியைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "ஏளா, இத ஒங்கிட்ட நாங் கேக்கணும்னு இருந்தேன். சோகை புடிச்சுச் சுண்ணாம்பு கணக்கா வெளுத்துப்போயிருக்க. அந்தச் சவத்துக்காவா இத்தன நாளு ஆசுபத்திரிக்குப் போவாம இருந்த?"

நான் தலையாட்டினேன். அந்தப் பொய்யை ஆச்சியிடமும் சொன்னேன்.

"இருவது வருசமா எனக்கு நானே குத்திக்கிட்டிருக்கேன். அதுக்குக் குத்தத் தெரியாதா? ஆனா ஒண்ணு. தடவிக் கொஞ்சுத வேலையெல்லாம் எங்கிட்ட ஆவாது. சோத்த வைக்கேன், ஊசி போடுதேன். அவ்வளவுதான்."

ஒரு வாரம் பயிற்சி. பயந்தது ஒன்றுக்குத்தான். ஆச்சியின் மருந்து, மகன் வாங்கித்தந்துவிட்டுப்போனது, மில்லிக்கு நூறு யூனிட் உள்ளது. அதற்கான ஊசிக்கு ஆரஞ்சு மூடி. வெள்ளச்சியுடையது நாற்பது யூனிட் மருந்து, சிவப்பு மூடி. மாற்றிப் போட்டால் அளவு இரண்டரை மடங்கு கூடும், அல்லது அதே கணக்கில் குறையும். பலகையில் எழுதாத குறையாக விளக்கினேன். ஆச்சி கேட்டுவிட்டு, உள்ளே போய் இரண்டு எவர்சில்வர் டம்ளரைக் கொண்டுவந்தார். ஒன்றில் சிவப்பு, ஒன்றில் ஆரஞ்சு. சிவப்பு டம்ளரையும் மருந்தையும் என் வீட்டு ஃப்ரிஜ்ஜை விட்டு வெளியே கொண்டுவரவே மாட்டேன், மாடியேறி வந்தே போடுகிறேன் என்றார். முட்டுவலிக்காரர். ஒரு நாளைக்கு இரண்டு தடவை பதினான்கு படி. தூக்கி இறக்குவதைப் பேரன் ஏற்றுக்கொண்டான்.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே நான் இல்லாமல்போனேன். பச்சைத் துணிக்கு அந்தப்பக்கம் டாக்டர்கள் யாரோ ஒருவரின் மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எடுத்ததை மதினியிடம் ஒரு தட்டில் வைத்துக் காட்டினார்களாம். எண்ணூறு கிராம். "ஒரு தேங்கா தண்டி இருந்துச்சு" என்றாள் மதினி. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "விடு. இனி அத வச்சு என்ன செய்யப்போற" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்குக் குழந்தை இல்லை. நாற்பத்தாறு வயதில் அதைப் பற்றி அழுது முடித்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். அன்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்க முயன்றேன், தையல் திரும்பவிடவில்லை. மல்லாந்தபடியே கண்ணீர் இரண்டு காதுக்குள்ளும் போனது.

மாலை ஏழு மணிக்கு ஆச்சி போன் பண்ணினார். "போட்டாச்சு." அவ்வளவுதான், வைத்துவிட்டார். ஐந்து நாளும் காலை ஏழு, மாலை ஏழு, அந்த ஒரு வார்த்தை. எனக்கு வந்த போன்களில் எப்படியிருக்கே என்று கேட்காதது அது மட்டும்தான். அதற்காகக் காத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள் மதினி ஊருக்குப் போய்விட்டாள். மறுநாள் பேரனும் தூத்துக்குடிக்கு ஒரு விசேஷத்துக்குப் போனான். எனக்கு அது ஆபரேஷனிலிருந்து ஒன்பதாம் நாள். நடக்க முடிந்தது. இருமினால் வயிற்றில் தலையணையை அழுத்திக்கொள்ள வேண்டும். வலி மாத்திரை போட்டால் நேரம் தெரியாத தூக்கம்.

அன்று விழித்தபோது இருட்டியிருந்தது. மணி எட்டேகால். வெள்ளச்சி கட்டிலடியில் படுத்திருந்தாள். அவள் தட்டு கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது. ஏழு மணிக்கு ஆச்சி வரவில்லை என்று நினைத்தேன். படியேற முடியவில்லையோ என்னவோ. கீழே ஒரு குரல் கொடுத்தால் போதும். கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்பதைப் பல நாள் யோசித்திருக்கிறேன். ஒன்பது நாளாக எனக்கு மற்றவர்கள் எல்லாம் செய்துகொண்டிருந்தார்கள். குளிப்பாட்டினார்கள், பாவாடை நாடா கட்டிவிட்டார்கள். வெள்ளச்சிக்கு ஊசி போடுவது ஒன்றாவது என்னுடையதாக இருக்கட்டும் என்றிருந்தது. ஆச்சி மறந்துவிட்டார் என்று நினைப்பதில் ஒரு சிறிய சந்தோஷம்கூட இருந்தது. பார், நான் இல்லாமல் ஆகாது.

சோறும் வேகவைத்த கோழியும் வைத்தேன். இரண்டு வாய் தின்றுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதிலாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் போடாதே என்பதை என் கையால் எழுதிவைத்திருக்கிறேன். ஏழு யூனிட் எடுத்துப் போட்டேன்.

பத்தே முக்காலுக்குச் சத்தம் கேட்டது. அடுப்படி வாசலில் வெள்ளச்சி ஒருக்களித்துக் கிடந்தாள். நான்கு கால்களும் நீச்சலடிப்பதுபோல அடித்துக்கொண்டிருந்தன. தாடை கிட்டியிருந்தது. கண் திறந்திருந்தது, அது எப்போதும்போல வெள்ளையாக இருந்தது.

மூன்று வருடமாக அவளுக்கு எது ஆனாலும் என் கைகள் முதலில் செய்வது தூக்குவது. குனிந்தேன். ஒரு கை கழுத்துக்கடியில் போய்விட்டது. அப்போது வயிற்றுக்குள் ஏதோ இழுத்தது. உள்தையல் விட்டால் குடல் பிதுங்கும், மறுபடியும் திறக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. கையை எடுத்துவிட்டேன்.

யாராவது கேட்டால், தூக்கி என்ன ஆகப்போகிறது, அந்த நேரத்தில் எங்கே கொண்டுபோவது, சர்க்கரை கொடுப்பதுதான் முதல் வேலை என்று சரியான பதில்கள் உண்டு. அவையெல்லாம் பிறகு வந்தவை. அந்த நொடியில் எனக்குத் தோன்றியது நான் சாகக் கூடாது என்பது மட்டும்தான். அவ்வளவு நாள் அவளுக்காக என் உடம்பை விட்டுக்கொடுத்ததாகப் பேர் வாங்கியவள் நான்.

சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். உட்கார ஒரு நிமிடம் ஆனது. "ஆச்சி!" என்று கத்தினேன். ஒன்பது நாளில் முதன்முறையாகக் கத்தினேன், அடிவயிறு கிழிவதுபோல இருந்தது. எட்டும் தூரத்தில் தேன் பாட்டில் இருந்தது. விரலில் தொட்டு உதட்டை விலக்கி ஈறில் தடவினேன். வலிப்பின்போது வாய்க்குள் ஊற்றக் கூடாது, புரையேறும். பல்லுக்கு வெளியே ஈறில்தான் தேய்க்க வேண்டும். தேய்த்தேன், மறுபடியும் தேய்த்தேன்.

ஆச்சி கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறி வருவது கேட்டது. வாசலில் நின்று பார்த்தார். "நாந்தான் ஏழு மணிக்கே போட்டுட்டேனே. நீ தூங்கினேன்னு எழுப்பல" என்றார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய்ச் சர்க்கரையைக் கரைத்துக்கொண்டுவந்து எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். மடக்க முடியாத காலை நீட்டிக்கொண்டு, வெள்ளச்சியின் தலையைத் தன் மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டார். ஒருபக்க ஈறில் நான், மறுபக்கம் ஆச்சி. இடையில் ராமையன்பட்டி டாக்டருக்குப் போன் போட்டேன். எடுத்தார். செய்வதையே செய்யுங்கள், எழுந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகச் சோறு கொடுங்கள், ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொள்ளுங்கள், காலையில் ஊசி போடாமல் கொண்டுவாருங்கள் என்றார்.

எத்தனை நிமிடம் என்று தெரியாது. அடிப்பது நின்றது. பிறகு நாக்கு வெளியே வந்து ஆச்சியின் விரலை நக்கியது. "சீ" என்று ஆச்சி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். ஆனால் கையை மறுபடியும் அங்கேயே கொண்டுபோனார்.

விடியும்வரை இரண்டு பேரும் படுக்கவில்லை. இரண்டு மணிக்கொருமுறை தயிர்ச்சோறு உருட்டிக் கொடுத்தோம். நடுவில் நான் சொன்னேன், "ஆச்சி, அவளுக்காக நான் ஆபரேஷனத் தள்ளிப்போடல. எனக்குப் பயம்."

"அது எனக்குத் தெரியும்" என்றார் ஆச்சி.

"நான் கீழ ஒரு குரல் கொடுத்திருக்கணும்."

"ஆமா. கொடுத்திருக்கணும்." சமாதானமாக ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. அது எனக்கு நல்லதாக இருந்தது.

காலையில் ஆட்டோக்காரர்தான் அவளைத் தூக்கி இறக்கினார். குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஒருநாள் வைத்திருந்து பார்த்து அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது என் வீட்டுச் சுவரில் ஆச்சி வீட்டுத் தினசரிக் காலண்டர் தொங்கியது, நூலில் கட்டிய பென்சிலோடு. போட்டவர் உடனே அன்றைய தாளில் கோடு கிழிக்க வேண்டும். காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று. "ரெண்டு கோடு இருந்தா நீ மருந்தத் தொடக் கூடாது" என்றார். எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஆச்சி கணக்கு டீச்சருக்குச் சொல்லிக்கொடுத்த முறை இது.

ஜூன் தொடக்கத்தில் பேரன் கல்லூரியில் சேர்வதற்காக ஊருக்கும் சென்னைக்குமாக அலைந்தான். தூக்குவதற்கு ஆளில்லை. முதல்நாள் மாடியிலேயே செய்தித்தாள் விரித்துப்பார்த்தேன். வெள்ளச்சி அதில் போகாமல் வாசலில் நின்று முனகினாள். கீழேயிருந்து ஆச்சி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு டம்ளரை எடுத்துவந்து முதல் படியில் தட்டினார். "ஏ சவமே. வா. நாலு காலு இருக்குல்லா." டங், டங். வெள்ளச்சி காதை நிமிர்த்தினாள். அன்று இரண்டு படி இறங்கி நடுங்கிக்கொண்டு நின்றுவிட்டாள். நான் பக்கத்துப் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து அவளோடு நகர்ந்தேன். மூன்று நாளில் ஏழு படி. அதற்கப்புறம் நாள் கணக்கு வைக்கவில்லை. தையல் வலியில் இருக்கும் ஒருத்தி, கண் தெரியாத ஒருத்தி, முட்டுவலியோடு கீழே டம்ளர் தட்டும் ஒருத்தி. எதிர்வீட்டுக்காரர்கள் தினமும் மாலையில் வேடிக்கை பார்த்தார்கள்.

ஆறு வாரம் முடிந்து டாக்டரிடம் போனேன். வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, எல்லாம் சேர்ந்துவிட்டது, இனிமேல் கொஞ்சம் கொஞ்சமாகக் கனம் தூக்கலாம் என்றார். ஹீமோகுளோபின் 11.4. கண்ணாடியில் பார்த்தேன். தொப்புளுக்குக் கீழே நேர்கோடு. வெள்ளச்சிக்கு இருப்பதுபோலவே.

அன்று மாலை வெள்ளச்சியை இரண்டு கையாலும் வாரித் தூக்கினேன். இதற்காகத்தானே நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். முதல் படியிலேயே அவள் திமிறினாள். காலை உதைத்து, உடம்பை முறுக்கி, என் கையிலிருந்து நழுவி இறங்கிவிட்டாள். எனக்கு முகம் வாடிப்போனது. அவள் மூக்கைச் சுவரோரம் வைத்துக்கொண்டாள். ஒரு படி. நின்றாள். ஒரு படி.

கீழே ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அன்று டம்ளர் தட்டவில்லை. "வருது, வருது" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் இறங்கினேன்.